பின் எங்கே பிடித்திருக்கிறது? கல்குவாரி எக்ஸ்கவேட்டர் ஒன்றில் பக்கெட் பின் கழற்றிய நிகழ்வின் ஆய்வு

கரூர் மாவட்டம் க.பரமத்தி வட்டாரத்துக் கருங்கல் குவாரி ஒன்றில், 20 டன் வகையைச் சேர்ந்த செயின் எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்ட வேண்டியிருந்தது. பழகிய ஆட்கள் இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை இது. இந்த முறை மூன்றாம் நாள் மாலையாகியும் பக்கெட் இறங்கவில்லை. பக்கெட்டைத் தாங்கும் இரண்டு பின்களில் (மூட்டில் செருகப்படும் எஃகு உருளைகள்), பக்கெட்டை மடக்கும் லிங்க் பக்கத்துப் பின் நான்கைந்து சம்மட்டி அடியிலேயே வெளியே வந்துவிட்டது. பக்கெட்டைத் தாங்கும் கையான ஆர்மின் நுனியில் இருக்கும் 80 மி.மீ. பின் மட்டும் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு அழைப்பு வந்தது அந்த மாலையில்தான். (இந்த வண்டியை அந்தப் பக்கத்தில் இன்னமும் ‘பொக்லைன்’ என்றே சொல்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர், யார் செய்த வண்டியானாலும் அந்த வகைக்கே பெயராக நின்றுவிட்டது.)

நாங்கள் போவதற்கு முன்பு நடந்தவற்றை முதலில் பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் பத்துக் கிலோ சம்மட்டியால் பின்னின் வலது முனையில் அடித்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் கேஸ் வைத்துப் பக்கெட்டின் வலது காதையும் (பின் நுழையும் துளையுள்ள தகடு), அது போதாதென்று பின்னின் முனையையும் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் மறுபடி அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியின் பக்கெட் பல்லைப் பின்னின் மேல் வைத்துத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். காது வளையத் தொடங்கியதைக் கண்ட ஆபரேட்டர் அத்துடன் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் செய்த நல்ல காரியம் அது. இத்தனைக்கும் பின் நகர்ந்தது இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். அடிபட்ட முனை குடை விரிந்தாற்போல் மழுங்கி, 80 மி.மீ. இருந்தது 84 மி.மீ. ஆகியிருந்தது. அந்த முனை வலது காதுக்கு வெளியே நிற்கும்போது, அதை இடது பக்கமாகத் தள்ள முயன்றால் விரிந்த தலை துளைக்குள் ஆப்பாக இறங்கும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை.

மூட்டின் அமைப்பு

இந்தப் பின் மூன்று இடங்களின் வழியாகப் போகிறது: பக்கெட்டின் இடது காது, ஆர்ம் நுனியில் உள்ள உருளையான முனைக்குள் இறுக்கி அடிக்கப்பட்ட புஷ் (பின் சுழல்வதற்கான உருளைக் குழல்), பக்கெட்டின் வலது காது. இடது காதின் வெளிப்புறத்தில் வளையம் போன்ற ஒரு காலர் பற்றவைக்கப்பட்டிருக்கும். காலரையும் பின்னையும் குறுக்காகத் துளைத்துக்கொண்டு ஒரு போல்ட் போகும். அதன் முனையில் இரண்டு நட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கும். போல்ட் பின்னைப் பக்கெட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதால், பக்கெட் மடங்கும்போது பின்னும் அதனுடன் திரும்ப வேண்டும். உராய்வு முழுவதும் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில், கிரீஸ் இருக்கும் இடத்தில் நடக்க வேண்டும். அமைப்பின் நோக்கம் அவ்வளவுதான். பின்னின் மேல்தோல் தூண்டல் முறையில் கடினமாக்கப்பட்டது, புஷ்ஷும் கடினமானது. காதுகளின் உள்துளை சாதாரண எஃகு. ஆகவே திருப்பம் புஷ்ஷில் நடக்காமல் காதில் நடந்தால் தேய்வது காதுதான்.

மூன்று இடங்களில் பின் எங்கே பிடித்திருக்கிறது என்பதற்கு மூன்று வெவ்வேறு பதில்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. காதில் பிடித்திருந்தால் காதைச் சூடாக்க வேண்டும். புஷ்ஷில் பிடித்திருந்தால் ஆர்மின் முனையைச் சூடாக்க வேண்டும். எங்கும் பிடிக்காமல் பக்கெட்டின் பாரம் பின்னின் மேல் சாய்ந்து நிற்பதாலேயே வராமல் இருந்தால், பாரத்தை எடுத்துவிட்டால் போதும். பட்டறைக்கு வரும் ‘பின் பிடித்துவிட்டது’ என்ற புகார்களில் கணிசமானவை இந்தக் கடைசி வகையாகவே இருக்கின்றன. அதனால் அதையே முதலில் பார்த்தோம்: பக்கெட்டை ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் மட்டமாக உட்காரவைத்து, ஆர்மை விரற்கடை விரற்கடையாக ஏற்றியும் இறக்கியும், காதுக்கும் ஆர்ம் முனைக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் சீராகத் தெரியும் நிலைக்குக் கொண்டுவந்தோம். பின் அசையவில்லை. பாரம் காரணம் அல்ல.

சுண்ணக் கோடும் எண்ணெயும்

அடுத்த சோதனைக்கு ஒரு சாக்பீஸ் போதுமானதாக இருந்தது. பின்னின் வலது முனை முகத்திலிருந்து காதின் மேல் வரை நேராக ஒரு கோடு இழுத்தோம். லிங்க் பின் ஏற்கெனவே வெளியே இருந்ததால் பக்கெட்டை மடக்க வழியில்லை. ஆகவே பக்கெட்டைச் சங்கிலியால் கட்டைகளோடு கட்டிவிட்டு ஆர்மைச் சில டிகிரி மட்டும் சாய்க்கச் சொன்னோம். கோடு உடைந்தது. பின்னின் மேல் இருந்த பாதி ஆர்மோடு போயிற்று, காதின் மேல் இருந்த பாதி அப்படியே நின்றது. பின் காதுகளுக்குள் திரும்புகிறது, புஷ்ஷுக்குள் திரும்பவில்லை என்பது இதன் பொருள். அதாவது இரண்டாம் நாள் முழுவதும் கேஸ் எரித்துச் சூடாக்கிய காது, பின்னைப் பிடித்திருந்த இடமே அல்ல. பின்னின் முனையைச் சூடாக்கியதோ நேர்மாறான பலனையே தந்திருக்கும். சூடான பின் பருக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாயிற்று. பின் காதுக்குள் திரும்ப வேண்டுமானால் குறுக்குப் போல்ட் அறுந்திருக்க வேண்டும். போல்ட்டைத் தட்டி எடுத்துவிட்டதாகத்தான் எங்களிடம் சொன்னார்கள், ஆனால் அவர்கள் காட்டியது தலையோடு கூடிய ஒரு துண்டை மட்டுமே. காலர் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, நட்டுப் பக்கத்துத் துண்டு காலரிலும் நடுத்துண்டு பின்னுக்குள்ளும் இருந்தன. மேலும் விசாரித்ததில், கடந்த ஒரு மாதத்தில் இந்தப் போல்ட் இரண்டு முறை அறுந்து, இரண்டு முறையும் கடையில் கிடைத்த சாதாரணப் போல்ட் போட்டிருக்கிறார்கள் என்பதும், ஒவ்வொரு முறையும் துளை நேருக்கு வராமல் பக்கெட்டை ஆட்டி ஆட்டித்தான் மாட்டினார்கள் என்பதும் தெரியவந்தன. பின் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்ததை அந்தப் போல்ட் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது சோதனை எண்ணெய். ஆர்ம் முனையில் உள்ள கிரீஸ் நிப்பிளை (கிரீஸ் அடிக்கும் வாய்) கழற்றி, உள்ளே கல்லாக இறுகியிருந்த பழைய கிரீஸைக் கையால் சுழற்றிய டிரில் பிட்டால் குடைந்து எடுத்தோம். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயான ஏ.டி.எஃப்.பும் கலந்த கலவையை வெற்று கிரீஸ் கன்னில் நிரப்பி, புது நிப்பிள் போட்டு அழுத்தினோம். கையால் அடிக்கும் கிரீஸ் கன் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் தரக்கூடியது. மேலிருந்து ஊற்றுவதற்கும் இதற்கும் ஒப்பே இல்லை. கலவை இடது பக்கத்து இடுக்கின் வழியாகப் பழுப்பு நிறத்தில் வழிந்தது. வலது பக்கத்தில் ஒரு சொட்டும் வரவில்லை. பிடிப்பு புஷ்ஷின் வலது பாதியில் இருக்கிறது என்று அப்போது முடிவு செய்தோம். இடது இடுக்கைக் களிம்பு பூசிய கயிற்றால் சுற்றி அடைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குள் மூன்று முறை எண்ணெய் அழுத்தி, காலை வரை ஊறவிட்டோம்.

எந்தப் பக்கம் தள்ளுவது

அன்றிரவு எங்களுக்குள் விவாதம் நடந்தது இந்த ஒன்றைப் பற்றித்தான். எல்லோரும் வலமிருந்து இடமாகவே அடித்திருந்தார்கள், அந்த முனைதான் கைக்கு எட்டியது என்பது காரணம். அப்படித் தள்ளினால், உராய்ந்து கரடுமுரடான வலது பாதி முழுப் புஷ்ஷின் நீளத்தையும் கடந்து போக வேண்டும். மழுங்கிய தலையையும் தேய்த்தாக வேண்டும். இடமிருந்து வலமாகத் தள்ளினால் பிடித்திருக்கும் பகுதி உடனடியாகப் புஷ்ஷை விட்டு வெளியேறிவிடும், மழுங்கிய தலை ஏற்கெனவே வெளியில் இருப்பதால் அது தடையே இல்லை. இதில் ஒரு குறை உண்டு: அறுந்த போல்ட் துளை உள்ள இடது முனை காதையும் புஷ்ஷையும் கடந்து வர வேண்டியிருக்கும், துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் அது கீறும். புஷ் எப்படியும் மாற்றப்பட வேண்டியது என்பதால் கீறலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தீர்மானித்தோம். காலரில் எஞ்சியிருந்த போல்ட் துண்டை மட்டும் துளைபோட்டு முழுமையாக எடுத்தோம்.

விசைக்கு 700 பார் பம்புடன் கூடிய 50 டன் ஜாக் ஒன்றைப் பயன்படுத்தினோம். சம்மட்டி அடி ஒரு கணம் மட்டுமே நிற்கும், அதில் பெரும்பகுதி பின்னின் முனையை மழுங்கச் செய்வதில் செலவாகும். ஜாக்கின் விசை நின்று அழுத்தும், அளவும் மீட்டரில் தெரியும். ஜாக்குக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க 50 மி.மீ. தடித் தகடுகள் இரண்டை எடுத்தோம். வலது காதின் மேல் வைக்கும் தகட்டின் நடுவில் 100 மி.மீ. துளை, பின் அதன் வழியாக வெளியே வருவதற்கு. இரண்டு தகடுகளையும் 8.8 தரத்து 36 மி.மீ. திருகுத் தண்டுகள் இரண்டால், ஆர்ம் முனைக்கு முன்னும் பின்னுமாக, பின்னின் மையத்திலிருந்து சம தூரத்தில் இணைத்தோம். இந்தத் தண்டு ஒன்று நிலையாக நீண்டுபோகாமல் தாங்கக்கூடியது ஏறத்தாழ 50 டன். ஜாக் முழு விசை கொடுத்தாலும் தண்டுக்கு 25 டன்தான் வரும். இந்தக் கணக்கைப் போடாமல் கையில் கிடைத்த தண்டை மாட்டுவது, வேலையில் உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம். வலது காதுக்கும் ஆர்ம் முனைக்கும் இடையில் இருந்த நான்கு மில்லிமீட்டர் இடைவெளியை ஷிம் எனும் மெல்லிய தகடுகளால் நிரப்பினோம். இல்லாவிட்டால் விசை காதை வளைத்துவிட்டுத்தான் தகட்டைச் சேரும். இடது பக்கத்தில் காலருக்குள் நுழைந்து தள்ளுவதற்கு 75 மி.மீ. விட்டத்தில் மென்மையான எஃகுக் கட்டைகள் சிலவற்றை, வெவ்வேறு நீளங்களில், லேத் பட்டறையில் வெட்டி வாங்கினோம்.

சூடு

காலை எட்டு மணிக்கு ஜாக்கை 420 பார் வரை ஏற்றினோம். அது சுமார் 30 டன். பின் அசையவில்லை. அழுத்தத்தை அப்படியே நிறுத்திவிட்டுச் சூடாக்கத் தொடங்கினோம்.

சூட்டின் கணக்கு எளியது. எஃகு ஒரு டிகிரிக்கு அதன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். ஆர்ம் முனையும் அதற்குள் உள்ள புஷ்ஷும் 200 டிகிரி சூடேறினால் 80 மி.மீ. உள்துளை 0.19 மி.மீ. பெரிதாகும், புதிய பின்னுக்கும் புஷ்ஷுக்கும் விடும் இடைவெளியோடு ஒப்பிடத்தக்க அளவு இது. ஆனால் இந்த லாபம் பின் குளிர்ந்திருக்கும் வரைதான். மெல்லிய கட்டிங் முனையால் நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தால் சூடு பின்னுக்குள்ளும் இறங்கி இரண்டும் சேர்ந்து பருக்கும், பலன் ஒன்றுமிராது. அதனால் பெரிய வாய் கொண்ட இரண்டு ஹீட்டிங் டார்ச்சுகளை ஆர்ம் முனையின் மேலும் கீழும் வைத்து, சுற்றிச் சுற்றி வேகமாகச் சூடாக்கினோம். பின்னின் இரு முனைகளிலும் ஈரச் சாக்கை வைத்து அடிக்கடி தண்ணீர் விட்டோம். அகச்சிவப்பு வெப்பமானியில் 250 டிகிரியைத் தாண்டவிடவில்லை. சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவதில் பலருக்கு ஒரு மோகம் இருக்கிறது. ஆர்ம் முனை தகடுகளோடு பற்றவைக்கப்பட்ட உறுப்பு என்பதையும், அந்தப் பற்றவைப்புதான் நாளைக்குப் பாறையை இழுக்கப்போகிறது என்பதையும் அப்போது மறந்துவிடுகிறார்கள்.

சூடாக்குவதற்கு முன் செய்த இரண்டு காரியங்களைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, கிரீஸ் நிப்பிளைக் கழற்றித் துளையைத் திறந்துவைத்தோம். அடைபட்ட அறைக்குள் எண்ணெயும் ஈரமும் ஆவியானால் நிப்பிள் தோட்டா போலப் பறக்கும். இரண்டு, பக்கெட் சிலிண்டரை முழுவதும் உள்ளே இழுத்துத் தூரமாக விலக்கி, ஹோஸ்களை ஈரச் சாக்கால் மூடினோம். வழிந்திருந்த டீசலைத் துடைத்துவிட்டோம், ஆனாலும் இடுக்கில் எஞ்சியது தீப்பிடித்துச் சற்று எரியத்தான் செய்தது. தீயணைப்பானுடன் ஓர் ஆள் அதற்காகவே நின்றார். பின் வெளியே வரவேண்டிய நேர்கோட்டில் யாரும் நிற்காமல், கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டோம்.

இருபது நிமிடம் கழித்து ஆர்ம் முனை 220 டிகிரியைத் தொட்டபோது, ஜாக்கைத் தொடாமல், ஆர்ம் முனையின் பக்கவாட்டில் சம்மட்டியால் ஓங்கி மூன்று அடி கொடுக்கச் சொன்னோம். அழுத்தத்தில் நிற்கும் மூட்டுக்கு அதிர்ச்சிதான் தேவை. மூன்றாவது அடியில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது, மீட்டர் முள் 420-இலிருந்து 250-க்கு விழுந்தது. பின் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. ஆபரேட்டர் உட்பட எல்லோரும் கையைத் தட்ட, அதற்குமேல் கட்டைகளை மாற்றி மாற்றி வைத்துத் தள்ளும் வேலை மட்டுமே மிச்சம். போல்ட் துளை புஷ்ஷுக்குள் நுழைந்த இடத்தில் ஒரு முறை அழுத்தம் மறுபடி 300 பாரைத் தொட்டது, பிசிறு அறுபட்டதும் இறங்கிவிட்டது. பத்தரை மணிக்கு, ஏறத்தாழ 19 கிலோ எடையுள்ள அந்தப் பின் மணல் மூட்டையின் மேல் கிடந்தது.

இதுவும் பலிக்காமல் போயிருந்தால் ஆக்சிஜன் லான்ஸ் (ஆக்சிஜன் பாய்ச்சி எரிக்கும் இரும்புக் குழாய்) கொண்டு பின்னின் மையத்தில் நீளவாக்கில் துளை எரிப்பது என்று வைத்திருந்தோம். சுற்றிலும் இறுக்கப்பட்ட நிலையில் காய்ச்சப்படும் பின் வெளியே விரிய இடமில்லாமல் தன்னுள்ளேயே நசுங்கும், ஆறும்போது முன்பைவிடச் சிறுத்துவிடும். நல்ல முறைதான், ஆனால் உருகிய இரும்பு மறுமுனையில் தெறித்துப் பாயும் வேலையை மூன்றாம் வழியாக வைத்துக்கொள்வதே முறை.

வெளியே வந்த பின் சொன்னது

பின்னின் இடது பாதி கருத்து, கிரீஸ் பூச்சோடு, கிட்டத்தட்ட நல்ல நிலையில் இருந்தது. வலது பாதி செம்பழுப்பாக, நீளவாட்டத்திலும் குறுக்கிலும் கீறல்களோடு, சில இடங்களில் புஷ்ஷின் உலோகமே பிய்ந்து ஒட்டியதாக இருந்தது. புஷ்ஷின் கிரீஸ் வரிப்பள்ளங்களில் வலது பக்கத்தவை கல்தூளால் நிரம்பிச் சிமென்ட் பூசியதுபோல் இறுகியிருந்தன. வலது இடுக்கை மூட வேண்டிய ரப்பர் வளையமான ஓ-ரிங் அங்கே இல்லவே இல்லை. எப்போது அறுந்து விழுந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

“தினமும் கிரீஸ் அடிக்கிறேன் அண்ணே, வெளிய வழியுறதே சாட்சி” என்று ஆபரேட்டர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கிரீஸ் தடை குறைந்த வழியைத் தேடிப் போகும். இடது பக்கம் வழி திறந்திருந்ததால் அடித்த கிரீஸ் எல்லாம் அந்தப் பக்கமே வழிந்துகொண்டிருந்தது. அவர் உட்காரும் இருக்கையிலிருந்தும் கிரீஸ் அடிக்க நிற்கும் இடத்திலிருந்தும் கண்ணில் படுவது இடது பக்கம்தான். வலது பாதி உலர்ந்திருக்க, ஐப்பசி முதல் மார்கழி வரை வேலையில்லாமல் வண்டி மழையில் நின்றிருக்கிறது. ஓ-ரிங் இல்லாத இடுக்கில் தண்ணீர் கல்தூளோடு இறங்கியது. துரு, தான் தோன்றிய இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பது, 0.2 மி.மீ. இடைவெளி அதற்கு எம்மாத்திரம். தை மாதம் வேலை தொடங்கியபோது உடைந்து விடுபட வேண்டிய துரு, கல்தூளோடு சேர்ந்து தேய்ப்புப் பசையாகி, உலோகத்தோடு உலோகம் உரசிப் பிடித்துக்கொண்டது. பின் ஆர்மோடு ஒட்டிய கணத்திலிருந்து பாரம் முழுவதும் அந்தக் குறுக்குப் போல்ட்டின் மேல் வந்தது.

திரும்ப மாட்டியது

பழைய புஷ்ஷை எடுக்க வெல்டிங் போதுமானதாக இருந்தது. உள்துளையில் நீளவாக்கில் இரண்டு வரிசை வெல்டிங் ஓட்டினால், ஆறும்போது வெல்டிங் சுருங்கிப் புஷ்ஷையும் சுருக்கிவிடும்; அரை மணியில் தட்டியதும் வந்துவிட்டது. எர்த் கிளிப்பை ஆர்ம் முனையிலேயே மாட்டினோம், பேட்டரி இணைப்பைக் கழற்றியிருந்தோம். எர்த்தை வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டிவிட்டு ஆர்மில் வெல்டிங் அடிப்பவர்கள், மின்சாரம் சுழல் பேரிங் வழியாகப் போவதை நினைத்துப் பார்ப்பதில்லை.

காதுகளின் துளை 81.5 மி.மீ. வரை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது, வெல்டிங் நிரப்பி லைன் போரிங் (இரு துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைவது) செய்ய வேண்டியதாயிற்று. பின்னைக் கழற்ற ஆன நேரத்தைவிட இதற்குத்தான் நேரம் அதிகம். புதுப் புஷ்ஷை உலர்பனிக்கட்டியில் குளிரவைத்து, ஆர்ம் முனையை 100 டிகிரிக்குச் சூடாக்கி, அதே ஜாக்கால் உள்ளே தள்ளினோம். இரண்டு பக்கமும் புது ஓ-ரிங். குறுக்குப் போல்ட்டின் நட்டுகளைக் காலரோடு ஒட்டி இறுக்காமல், இரண்டு மில்லிமீட்டர் விட்டு, நட்டோடு நட்டை மட்டும் இறுக்கினோம். முன்பு போட்டிருந்தவை காலரோடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்ததும் அவை விரைவில் அறுந்ததற்கு ஒரு துணைக்காரணம் என்பது என் கணிப்பு. கிரீஸ் அடிக்கும்போது இடது பக்கம் வழியத் தொடங்கியதும் நிறுத்தாமல், பக்கெட்டை இரண்டு மூன்று முறை மடக்கி விரித்து, வலது பக்கத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்கும்படி ஆபரேட்டருக்கும் ஹெல்பருக்கும் செய்து காட்டினோம்.

புறப்படும்போது பின்னின் முனையிலிருந்து காது வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வண்டி பாறை அள்ளிக்கொண்டிருந்தது. கோடு உடையாமல் நேராக இருந்தது.